பிளாஸ்திரி ஒட்டிய சுருதி

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மதியங்களில் அது முனகும். கோவையில் யார் காதிலும் விழாத முனகல். பள்ளி வேன் வந்து நிற்கும், கீரைக்காரர் கூவிக்கொண்டு போவார், மேல்வீட்டில் மிக்ஸி அலறும்; அத்தனைக்கும் அடியில் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பாறைக்கடியில் ஓடும் ஊற்றைப் போல. நான் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமலே என் தொண்டை அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போன தொண்டைதான், ஆனாலும் பிடிக்கும். பிடித்த மறுநொடி மூக்கில் வாசம் வந்துவிடும். வாடத் தொடங்கிய பச்சைத் தேயிலையின் வாசம். வெட்டிய புல்லும் ஈரச் சாக்கும் எங்கோ தொலைவில் ஒரு பழமும் சேர்ந்தது போல.

அந்த முனகலுக்கு நான் ஐந்து வருடம் பாடியிருக்கிறேன். அது முனகல் என்று தெரியாமலே.

குன்னூருக்கு மேலே ஒரு சரிவில் சின்னத் தேயிலை ஃபேக்டரி ஒன்று இருந்தது. சுற்று வட்டாரத்து விவசாயிகளிடம் பச்சை இலையை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. அதன் மாடியில் நீள நீளமான தொட்டிகள், தொட்டிகளில் கம்பிவலை, வலைமேல் இலை, அடியில் ராட்சத விசிறிகள். இலை வாடும்வரை விசிறி ஓயாது. அந்த மாடிக்குப் பின்னால், பழைய இயந்திர பாகங்களைப் போட்டு வைக்கும் அறையில்தான் எங்கள் இசைக்குழு வாரம் தவறாமல் கூடியது. அங்கே ஃபிட்டராக இருந்தவர் எங்கள் டிரம்மர். ஃபேக்டரி போடும் சத்தத்தில் எங்கள் சத்தம் யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு. ஃபேக்டரியின் சத்தம் எங்களுக்குள் புகுந்துகொள்ளும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் வாசித்தது சிம்பொனிக் மெட்டல். அதை எப்படிச் சொல்வது? வயலின்கள், கொம்புகள், நாற்பது பேரின் கூட்டுக்குரல் என்று ஒரு பெரிய சபை. அந்தச் சபையின் நடுவே மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இறங்குகிறது. அந்த லாரியின் கூரைமேல் ஒரு பெண் தள்ளாடாமல் நின்று உச்சஸ்தாயியில் பாடுகிறாள். அவ்வளவுதான். நாற்பது பேர் எங்களிடம் இல்லை. நான்கு பேர்தான். மீதி முப்பத்தாறு பேரும் என் கீபோர்டுக்குள் இருந்தார்கள்.

கிதார் என் தம்பி. குன்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. லவ்டேல் பக்கம் விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் வருடக் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போகும் கேசட்டுகளைப் பழைய சாமான் கடையில் பொறுக்கி எடுத்துத்தான் அவன் இந்த இசையைக் கற்றான். அட்டை இல்லாத கேசட்டுகள். யார் பாடியது, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டு ருசியைக் கண்டுபிடித்தவன். பேஸ் கிதார் வாசித்தவர் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்தார், எங்களுக்கெல்லாம் மூத்தவர், கரண்ட் போனால் நாங்கள் அவரைத்தான் திட்டுவோம். கீபோர்டும் பாட்டும் நான். பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிக் கூரைமேல் ஏறி நின்றவள்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க அம்மணி, உங்க தம்பி ஊட்டுக்குள்ள மரம் அறுக்கறானுங்களா?"

"பாட்டுங்க."

"பாட்டா? அப்ப நடுவுல யாரோ கத்துனாங்களே?"

"அது நானுங்க."

"நல்லாத்தான் கத்துனீங்க" என்றார். என் முதல் விமர்சனம் அது. இன்றுவரை அதைவிட நேர்மையான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் ஆல்பத்தைக் கேசட்டாகப் போட்டோம். கோத்தகிரி வழித்தட மினி பஸ் டிரைவர் ஒருவர் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அதை ஓடவிட்டார். கொண்டை ஊசி வளைவில் என் குரல் ஏறும், பஸ்ஸும் ஏறும். ஒரு பெரியவர் பதறிப்போய், "யாருக்குங்க ஒடம்பு செரியில்ல?" என்று கேட்டாராம். கேட்டாரே, அது போதும். இந்த மலையில் இந்த இசையை முதலில் பாடிய பெண் நான் என்ற எண்ணத்தைத் தலையில் ஒரு சும்மாட்டைப் போல் சுற்றி வைத்துக்கொண்டு நடந்தேன். அதன் மேல் எதை வைத்தாலும் கனக்கவில்லை.

பிறகு தேயிலை விழுந்தது.

விழுந்தது என்று நாங்கள் சொல்வோம், ஏதோ மரத்திலிருந்து விழுந்தது போல. இலைக்கு விலை இல்லை. பறிக்கும் கூலிக்குக்கூடக் காணாத இலையை எதற்குப் பறிப்பது என்று விவசாயிகள் விட்டார்கள். தேயிலைச் செடி என்பது இடுப்புயரத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு மரம். சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, பறித்துப் பறித்து, குனிய வைத்து வைத்திருக்கிறோம். விட்டுவிட்டால் அது மரமாகிவிடும். எங்கள் எதிர்ச்சரிவு முழுவதும் மரமானது. கைக்கெட்டாத உயரத்தில் வெள்ளைப் பூ பூத்தது. சீரழிவு இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. பிறகு ஒரு நாள். பிறகு விசிறிகள் நின்றன. முதல் முறையாக அந்த அறையில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

அதே வருடம் என் குரலும் நின்றது. குரல்நாணில் முடிச்சு என்றார் கோவை டாக்டர். பேசலாம், முணுமுணுக்கலாம், உச்சிக்குப் போகக் கூடாது. உச்சியைத் தவிர எனக்கு வேறு ஊர் எது?

தம்பி அப்போது இரண்டாவது ஆல்பத்துக்கு மெட்டுப் போட்டு முடித்திருந்தான். பெயர் 'கவாத்து'. பாட்டுகள் என்னுடையவை. எதிர்ச்சரிவைப் பார்த்துப் பார்த்து எழுதியவை. முதல் பாட்டு வாத்தியமே இல்லாமல், வெறும் குரலில் நான்கு வரியோடு தொடங்கும்:

வெட்டாத செடி மரமாச்சு
வெள்ளைப் பூவாப் பூத்தாச்சு
எட்டாத கொழுந்த யார் பறிப்பா
எட்டிப் பாரு வானத்துல

"வானத்துல" முடிகிற இடத்தில் எல்லா வாத்தியங்களும் ஒரே அடியாக விழ வேண்டும். குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அதே சுரத்தில். அந்த விழுதல்தான் ஆல்பம். மற்றதெல்லாம் அதன் எதிரொலி.

அதைப் பாட எனக்குத் தொண்டை இல்லை. ஒரு புதிய பாடகி வேண்டும் என்று முடிவானது. "செரி" என்றேன். அந்த இரண்டு எழுத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.

ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் உறவுக்காரர் கல்யாணம், அங்கே மாதா கோயிலில் ஒரு பெண் பாடினாளாம். "அக்கா, பாதியில மைக்கு புட்டுக்கிச்சுங்க. அந்தப் புள்ள நிறுத்தவே இல்லீங்க. வெளிய ஜீப்புல ஒக்காந்திருந்த எனக்குக் கேக்குது!" என்று டிரம் குச்சியால் தன் தொடையில் அடித்தபடி சொன்னார்.

அவள் கொழுந்து பறிப்பவள். குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பியது, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. பகலெல்லாம் சரிவில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். ஞாயிறுகளில் கோயிலின் கால் மிதி ஆர்மோனியத்தோடு சேர்ந்து தெளிந்த குரல். தம்பி எல்லாப் பாட்டையும் சுரப்படுத்தி எழுதி, கத்தையாக ஜெராக்ஸ் எடுத்து ஃபிட்டரிடம் கொடுத்தனுப்பினான். என் குரல் உள்ள கேசட்டை அனுப்பவில்லை. "பழைய ஆளக் காப்பியடிக்கக் கூடாது, அக்கா. அது அவளாவே வரணும்" என்றான். நியாயம்தான். 'பழைய ஆள்' என்ற சொல் மட்டும் நெடுநாள் என் செருப்புக்குள் கல்லாகக் கிடந்தது.

அவள் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கோயில் ஆர்மோனியத்தில் பழகிவிட்டு வந்தாள். சனிக்கிழமை பஸ் மாறி மாறி வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கையில் ஒரு பொட்டலம் குருமிளகு. விரல் நுனிகள் இலைக்கறை ஏறிக் கறுத்திருந்தன. அவற்றைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, "அக்கா, நீங்கதான் அந்தக் கேசட்டுல பாடுனவங்கன்னாங்க. நா ஒங்க பாட்டக் கேட்டதில்ல. கேக்கக் குடுப்பீங்களா?" என்றாள்.

"அப்புறம் தர்றேன்" என்றேன். தரவில்லை.

மறுநாள் அறைக்குப் போனோம். அவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். மைக் வேண்டாம் என்றாள். வாயைத் திறந்தாள்.

நான் பொய் சொல்லப் போவதில்லை. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஏறி நின்றது லாரியின் கூரை. இவள் லாரியையே தலையில் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் வரியில் குந்தாக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் வரி. வானத்துல. அவள் நின்றாள். நாங்கள் விழுந்தோம்.

கோணலாக விழுந்தோம். அவள் ஒரு நூல் மேலே, நாங்கள் ஒரு நூல் கீழே. கதவு நிலையில் உட்காராத கதவு போல.

"மறுபடியும் போலாமா?" என்றான் தம்பி. மறுபடியும். மறுபடியும். பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நூல். வாத்தியங்களோடு சேர்ந்து பாடும்போது அவள் எங்களைத் தேடிக் கீழே இறங்கி வந்தாள். இறங்கியதும் குரலின் ஒளி போய்விட்டது. தனியே விட்டால் மறுபடி மேலே.

"சுதி சேரலீங்க" என்றான் தம்பி, மிகவும் மரியாதையாக. அவன் மரியாதையாகப் பேசினால் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். "நீங்க மேல போறீங்க."

"உடுங்க தம்பி, அது சேரம்பாடி சுதி, இங்க குன்னூரு குளுரு" என்றார் ஃபிட்டர். யாரும் சிரிக்கவில்லை.

இப்படி மூன்று ஞாயிறு. எனக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சந்தோஷப்பட்டேன். வெளியே உதட்டைப் பிதுக்கி, "பாவம், இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே சர்க்கரை தின்றேன். இந்தக் குழுவுக்கு ஒரே பாடகிதான், அது நான்தான், எனக்குப் பிறகு யாருக்கும் அது உட்காராது. சும்மாடு தலையிலேயே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு மதியம், மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, அவள் என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கட்டையைத் தொட்டாள். காதைச் சாய்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க பெட்டி கொஞ்சம் தாழ நிக்குதுங்க."

"இது எலக்ட்ரானிக். இது தப்பாப் போகாது."

"அப்பிடியாங்க" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப எனக்குத்தான் காது செரியில்ல. கோயில் பெட்டில நல்லாத்தான் வந்திச்சு."

அவள் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கை தானாகக் கீபோர்டின் பின்பக்கம் போயிற்று. அங்கே விரலில் ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. காய்ந்துபோன துணிப் பிளாஸ்திரி. ஃபேக்டரி டிஸ்பென்சரியில் வாங்கி நானே ஒட்டியது.

ஐந்து வருடத்துக்கு முன்பு, அந்த அறையில் நாங்கள் வாசிக்கத் தொடங்கிய முதல் மாதம். என்ன வாசித்தாலும் ஓர் அலையடிப்பு, வ்வா வ்வா என்று. தலைவலி வரும். ஒரு நாள் கீபோர்டின் பின்னால் இருந்த, அதன் மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் சின்னத் திருகைத் தற்செயலாகத் திருப்பினேன். மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். அலை நீண்டது, சோம்பியது, நின்றது. என்ன ஒரு நிம்மதி! மாவுப் பிசுக்கைக் கழுவிய கை மாதிரி. திருகு இனி நகரக் கூடாதென்று மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். தம்பி கிதாரை என் கீபோர்டுக்கு முறுக்கினான். பேஸ் கிதார் தம்பிக்கு முறுக்கிக்கொண்டது. நான் என் குரலை இருவருக்கும் முறுக்கிக்கொண்டேன். எல்லோருக்கும் அடியில் விசிறிகளின் முனகல். நாங்கள் ஃபேக்டரிக்குச் சுருதி சேர்த்திருந்தோம். மெனக்கெட்டு, காது கொடுத்து, அன்பாக. இப்போது விசிறி நின்று எட்டு மாதம். முனகல் போய்விட்டது. நாங்கள் மட்டும் அதன் பக்கத்திலேயே குனிந்து நின்றுகொண்டிருந்தோம்.

அந்தப் பெண் சரியாக நின்றாள். உலகம் நிற்கும் இடத்தில்.

டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். தம்பி சொன்னான்: ஃபேக்டரியைப் பூட்டப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஞாயிறு பார்ப்போம், அன்றைக்கும் சேராவிட்டால் ஆல்பத்தை விட்டுவிடலாம். "அவங்கள எதுக்குச் செரமப்படுத்தணும்? வார வாரம் மூணு பஸ்ஸு." அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் நான் டைப் அடித்த பத்திரங்களில் எல்லாம் பிழை. வக்கீல் கத்தினார். மாலையில் எதிர்ச்சரிவுக்குப் போய் மரமாகிவிட்ட செடிகளுக்கு அடியில் நடந்தேன். பூ உதிர்ந்து சேறாகிக் கிடந்தது. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தது; யாரும் கேட்கவில்லை; கேட்க யாருக்கும் தெரியாது. திருகு இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு சின்ன ஒன்றுக்கு நான் மட்டும் சாட்சி. பேசாமல் இருப்பதற்கு ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் அதன் பயங்கரம்.

ஞாயிறு காலை. அவள் எங்கள் சமையலறையில் நின்று சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஃப்ளர்.

"தொண்டைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. வாரம் பூரா மலையில கொழுந்தெடுக்கையில இறக்கி இறக்கிப் பாடிப் பாத்தேன். கீழ கீழன்னு. இறக்க இறக்க வலிக்குது." தண்ணீரைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். "காலையில பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல கங்காணி கேக்குறாரு, என்னா புள்ள, குரல் தவளையாட்டம் ஆயிருச்சின்னு."

என்னால் அவள் தன் குரலைக் குனிய வைத்துக்கொண்டிருந்தாள். கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்த கேக்குறேன். நீங்க பாடுனவங்க, ஒங்களுக்குத் தெரியும். எனக்கு இது வராதுன்னா இப்பவே சொல்லிருங்க. நா நின்னுக்கிர்றேன். மனசு நோவ மாட்டேன்."

நான் அவள் மஃப்ளரை அவிழ்த்தேன். "இது எதுக்கு? வா, போலாம்" என்றேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை.

அறையில் மூவரும் தயாராக இருந்தார்கள். நான் கீபோர்டை அப்படியே தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைத்தேன்.

"என்னக்கா பண்ற?" என்றான் தம்பி.

நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கீறினேன். வரவில்லை. ஃபிட்டரிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். உரிந்து வந்தபோது தோல் உரிவது போல ஒரு சத்தம். திருகு உள்ளே பளிச்சென்று இருந்தது, வாங்கிய அன்று இருந்த மாதிரி.

"அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "நாமதான் கீழ இருக்கோம். அஞ்சு வருசமா. விசிறிச் சத்தத்துக்கு நாந்தான் இறக்கி வெச்சேன். போன ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரியும்."

தம்பியின் முகத்தில் ஒவ்வொரு வருடமாக ஓடுவது தெரிந்தது.

"தெரிஞ்சும் ஒரு வாரம் சும்மா இருந்தியா?"

"இருந்தேன்."

குந்தாக்காரர்தான் முதலில் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். "அட அம்மணி! அந்த வெசிறி எங்க கரண்டுல ஓடுனதுங்க. லோடு சாஸ்தியானா சுத்து கொஞ்சம் கொறையும். அந்தக் கொறச்ச கரண்டுக்காங்க இத்தன நாளா சுதி சேத்துனீங்க? இத்தன வருசம் என்னையத் திட்டுனதுக்கு அர்த்தம் இன்னிக்குத்தானுங்க புரியுது!"

"அப்ப நம்ம மொத ஆல்பம்?" என்றார் ஃபிட்டர்.

"அதுல மோட்டாரும் ஒரு மெம்பரு" என்றான் தம்பி. அவன் மரியாதையாகப் பேசவில்லை. எனக்கு உயிர் வந்தது.

திருகை நடுவுக்குக் கொண்டு வந்தேன். அவர்கள் கம்பிகளை ஏற்றினார்கள். ஐந்து வருடம் தளர்ந்து கிடந்து பழகிய கிதார் முனகியது; ஒரு கம்பி அறுந்தது; மாற்றினான். அவள் ஒரு மூலையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தலைப்பில் மறைக்கவில்லை.

"எறக்க வேணாம்" என்றேன் அவளிடம். "உன் எடத்துல நில்லு."

அவள் ஜன்னலைப் பார்த்து நின்றாள். வெளியே எதிர்ச்சரிவு, வெயில், வெள்ளைப் பூ. பாடினாள். வெட்டாத செடி மரமாச்சு. வாரம் முழுக்க வதைத்த தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது, மரப்பட்டை போல. எட்டாத கொழுந்த யார் பறிப்பா. என் பத்து விரலும் கட்டைகளுக்கு மேலே காத்திருந்தன. வானத்துல.

விழுந்தோம்.

விழுந்தோம் என்பது தப்பு. ஏறினோம். அவள் நின்ற இடத்துக்கு நாங்கள் எல்லோரும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அறைக் கதவின் தாழ்ப்பாள் அதிர்ந்தது. ஃபிட்டர் ஒரு குச்சியை நழுவவிட்டுவிட்டு ஒற்றைக் குச்சியால் மீதிப் பாட்டை வாசித்தார். நான் அழுதுகொண்டே வாசித்தேன். வருத்தத்தால் இல்லை. நான் எழுதிய நான்கு வரி முதல் முறையாகத் தன் முழு உயரத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். குனிய வைத்து வைத்திருந்தவளும் நான், நிமிர விட்டவளும் நான். இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

மாதக் கடைசிக்குள் பதிவு செய்து முடித்தோம். பாட்டை ஃபேக்டரியின் மாடியில், காலியான தொட்டிகளுக்கு நடுவே வைத்து எடுத்தோம். அவ்வளவு நீளமான மர மாடி. குரல் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்து தன் தோளிலேயே கை போட்டுக்கொள்ளும். என் பெட்டிக்குள் இருந்த முப்பத்தாறு பேரில் சிலருக்கு ஓய்வு கொடுத்தோம். சேரம்பாடியிலிருந்து அவள் கோயில் பாட்டுக் கூட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். எட்டுப் பேரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அதே வேகத்தில், "எங்க நிக்கணும், சொல்லுங்க" என்றார்கள். ஃபேக்டரியிலிருந்து வேலை போனவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் நடுவில், ஜீப்பில் கூட வந்த அவள் அம்மாவும் இருந்தார். பதிவு முடிந்ததும் தம்பி அவருக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினான். அவர் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். கழற்றிவிட்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா ஒடம்பு முடியலங்கிறா" என்றார் எங்களிடம். "இதத் தூக்கியிருக்காளே!"

'கவாத்து' சிடியாக வந்தது. தேயிலை எழவில்லை, ஒரு சிடி எழுப்பிவிடவா முடியும்? ஆனால் கோத்தகிரி மினி பஸ்ஸில் அது ஓடியபோது யாரும் உடம்பு சரியில்லையா என்று கேட்கவில்லையாம். ஒரு வளைவில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பாட்டு முடிந்த பிறகுதான் எடுத்தாராம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னாளாம்: "இது நம்ம பக்கத்துப் புள்ளதானுங்க." அதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. "நீங்க கத்துனதவிட நல்லாருக்குதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றேன். அந்தச் சொல்லுக்கு ஒரு வாரம் ஆகவில்லை.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு குழு அவளைக் கூப்பிட்டது. நிஜ வயலின்கள், நிஜ கொம்புகள் உள்ள குழு. எங்கள் சிடியை எங்கோ கேட்டிருக்கிறார்கள். அதற்குள் நாங்கள் சிதறத் தொடங்கியிருந்தோம். ஃபிட்டர் திருப்பூருக்குப் போய்விட்டார், தம்பியும் நானும் கோவைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவளை வழியனுப்ப நான் மட்டும் போனேன். சாரல். அவள் புதுச் செருப்புப் போட்டிருந்தாள். அது கடித்ததால் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். என் பழைய கேசட்டைக் கொண்டுபோயிருந்தேன். இத்தனை நாள் தராமல் வைத்திருந்தது.

"இதுல நானு. சுதி கீழதான் இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டுங்கக்கா. கீழ நின்னா என்னா, நீங்கதான மொதல்ல நின்னது." கேசட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "கேட்டுட்டு எழுதுறேன்."

கண்டக்டர் விசிலடித்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளினாள். பெங்களூரில் ஜாக்கிரதை, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, எவனாவது இறக்கிப் பாடச் சொன்னால் கேட்காதே என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே பஸ்ஸோடு நடந்தேன். பஸ் வேகம் எடுத்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள். சரிவுக்குச் சரிவு கூப்பிடும் அந்தக் குரலில், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி, சொன்னாள்:

"அக்கா, அந்தப் பிளாஸ்திரிய மட்டும் மறுபடி ஒட்டிப்புடாதீங்க, என்ன!"